ஆறு ஷீட்டு சீனரி

நான் எடுத்ததுதான் அண்ணாச்சி. படம் ஆறும் நான் எடுத்ததுதான். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? நீங்க கேட்டதுல தப்பில்ல. ஆஸ்பத்திரி சுவத்துல தொங்குற காலண்டர ஒருத்தன் எந்திரிச்சுப் போய் ஒவ்வொரு ஷீட்டாப் புரட்டிட்டு வந்து உக்காந்தா, இவனுக்கு என்ன வந்துச்சுன்னுதான் யாருக்கும் தோணும். அந்த செக்யூரிட்டி ரெண்டு தடவ பாத்துட்டான். கிழிச்சுட்டுப் போயிருவேன்னு நெனச்சிருப்பான்.

நமக்குச் சிவகாசி. நீங்க? அருப்புக்கோட்டையா. பக்கம்தான். யாருக்கு, அம்மாவுக்கா? ஆபரேஷன் முடிஞ்சு செக்கப்பா. செக்கப்புன்னா பயமில்ல. இந்த மதுரைக்கு வந்துட்டு ஊருக்குத் திரும்பிப் போறவங்க மூஞ்சி தனியாத் தெரியும், உங்க அம்மா மூஞ்சி அப்படித்தான் இருக்கு.

எனக்கு வீட்டுக்காரி. தங்கபுஷ்பம்னு பேரு. முந்தாநேத்து சாயங்காலம் சேத்தோம். அந்தக் கதவுக்கு அங்கிட்டு இருக்கா. இன்னைக்கு பெரிய டாக்டருக எல்லாம் சேந்து உக்காந்து பேசுறாங்களாம். ஆபரேஷன் பண்ணலாமா, பண்ணுனா தாங்குவாளா, இல்ல மாத்திரையிலயே ஓட்டலாமான்னு. ஏழு மணிக்கு வந்து உக்காந்தேன். பொண்ணு கோயம்புத்தூர்ல இருந்து பஸ் ஏறிட்டா, மத்தியானத்துக்குள்ள வந்துருவா. அதுவரைக்கும் நான் பாக்குறதுக்கு இங்கன என்ன இருக்கு சொல்லுங்க. ஒரு மீன் தொட்டி. அதுல மீன் இல்ல. அப்புறம் இந்தக் காலண்டர். ஏதோ மெடிக்கல் ஸ்டோர் குடுத்திருக்கு.

நான் கலர் பாக்குற ஆளு அண்ணாச்சி. முப்பத்தஞ்சு வருஷமா ஒரே ப்ரெஸ்ஸு. மிஷின்ல இருந்து ஷீட்டு வரும். அத எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு, பச்சை பத்தல, நீலம் ஓவரு, மஞ்சள் கொஞ்சம் ஏத்துன்னு சொல்லணும். அதான் வேலை. ஒரு பொம்பளை மூஞ்சில செகப்பு ஒரு பொட்டு கம்மியா இருந்தாலும் பத்தடி தள்ளி நின்னு சொல்லிருவேன். அச்சுல வர்ற பொம்பளையச் சொல்றேன்.

படிப்பா? நைட் ஸ்கூல். பகல்ல வேறொரு ப்ரெஸ்ல பேப்பர் அடுக்குவேன், பொழுது சாஞ்சதும் பள்ளிக்கூடம். அப்படியே பத்தாவது முடிச்சேன். எங்க நைட் ஸ்கூல்ல கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் பாடம். சயின்ஸ் வாத்தியாரு ஒரு நாள் இருதயம் எடுத்தாரு. போர்டுல பெருசாப் படம் போட்டு, நாலு அறைன்னு வீட்டு பிளான் மாதிரி கோடு கிழிச்சாரு. அடுத்து வால்வுன்னு வாயத் தொறந்தாரு, கரண்ட் போயிருச்சு. மறுநாள் அவரு கிட்னிக்குப் போயிட்டாரு. நேத்து டாக்டரு, உங்க மனைவிக்கு வால்வு சுருங்கியிருக்குன்னு சொல்லிட்டு ஒரு பேப்பர்ல படம் போட்டுக் காட்டுனாரு. விட்ட பாடத்த நாப்பது வருஷம் கழிச்சு நடத்துறாரேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பாதிதான் புரிஞ்சது.

சீனரிக்கு வாரேன், இருங்க.

எங்க ஊர்ல வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்னைக்குப் புது ஆல்பத்துக்குப் பூஜை. ஆல்பம்னா, அடுத்த வருஷக் காலண்டர் சாம்பிள் எல்லாம் ஒட்டுன புஸ்தகம். அதத் தூக்கிக்கிட்டு ஏஜெண்டுக ஊர் ஊராக் கெளம்பிருவாங்க. சாமி படம், குழந்தை படம், சீனரி. சீனரிய எல்லா ப்ரெஸ்ஸும் ஒரே ஆளுககிட்ட வெலைக்கு வாங்குவோம். மூணு வருஷத்துக்கு முந்தி என்ன ஆச்சுன்னா, அஞ்சு ப்ரெஸ் ஆல்பத்துல ஒரே அருவி. கும்பகோணம் ஏஜெண்டு ஆல்பத்த மேசையில வச்சுட்டு, “ஏன் மொதலாளி, உலகத்துலயே ஒரு அருவிதான் இருக்கா?”ன்னு கேட்டுட்டாரு. மொதலாளிக்கு ரோஷம் வந்துருச்சு. என்னைக் கூப்பிட்டு, “சௌந்தரபாண்டி, உனக்குத்தான் கலர் தெரியும். கேமராவ எடுத்துக்கிட்டு ஏதாவது மலைக்குப் போ. ஆறு சீனரி வேணும், ஆறு ஷீட்டுக்கு. வேற எவனும் எடுத்திருக்கக் கூடாது”ன்னாரு.

அந்தக் கேமராவுல பட்டன் எங்க இருக்குன்னு கத்துக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. சரி.

வீட்டுல போய்ச் சொன்னேன். கேரளாப் பக்கம், போடிமெட்டு ஏறி அங்கிட்டு ஒரு நேஷனல் பார்க் இருக்காம், வரையாடெல்லாம் இருக்காம், நடந்து ஏறுனா ரெண்டரை கிலோமீட்டராம், போயிட்டு வாரேன்னு. தோசை ஊத்திக்கிட்டு இருந்தவ திரும்பி, “நானும் வரட்டா?”ன்னா.

அண்ணாச்சி, எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம் அப்ப. அவ எதையும் கேட்டு நான் பாத்ததில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தா. அப்புறம் வீட்டுல இருந்தே ஒட்டுனா. வெளியூருன்னா குலதெய்வம் கோயிலு, ஒரு தடவ குத்தாலம். அதுலயும் அருவியில தண்ணி இல்ல. சரி வான்னேன். நான் நல்லவன்னு சொல்ல வரல. சோறு கட்டிக் கொண்டுவருவாளேன்னும் ஒரு நெனப்பு இருந்துச்சு.

போன வாரத்தோட ரெண்டு வருஷம் ஆச்சு. சித்திரைக்கு முந்தி.

கேட்டுல பையச் சோதிச்சாங்க. உள்ள பிளாஸ்டிக் ஆகாதாம். எலுமிச்சம்பழச் சோத்த விட்டுட்டாங்க, ஊறுகா பாக்கெட்ட மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. புஷ்பம் என் காதுகிட்ட வந்து, “ஆட்டுக்குத் தொட்டுக்கிட வேணும்ல, அதான்”னா. எனக்குச் சிரிப்பு தாங்கல. ஊர்ல அப்படிப் பேசுறவ இல்ல. புதுச் செருப்பு போட்டிருந்தா. கூட ஒரு கைடு வந்தான், மரியதாஸ்னு. அங்க தேயிலைத் தோட்டத்துப் பையன், தமிழ்தான். முப்பது வயசு இருக்கும்.

ஒரு முன்னூறு அடி நடந்திருப்போம். ஒரு சின்னப் பாலம், முழங்கால் உசரத்துக்குக் கல்லுச் சுவரு. அதுல போய் உக்காந்துட்டா. என்னன்னேன். “ஒண்ணுமில்ல. இங்கன நல்லாருக்கு, பாருங்களேன்”னு கையக் காட்டுனா. திரும்பிப் பாக்குறேன், அண்ணாச்சி, அந்தத் தேயிலைச் சரிவு பாய விரிச்ச மாதிரி கீழ எறங்குது, அதுக்கு அங்கிட்டு மலை, அதுக்கு அங்கிட்டு இன்னொரு மலை, கடைசி மலை மேகமா மலையான்னு தெரியல. மேல மூணுல ஒரு பங்கு வானம் காலி. எங்களுக்கு அந்தக் காலி வானம் முக்கியம். அதுலதான் கடைப் பேரு போடணும். கீழ தேதி, மேல கடைப் பேரு, நடுவுல கொஞ்சூண்டு மலை.

“சரி எந்திரி, அந்தச் சுவரு படத்துல வேணும், நீ மறைக்கிறே”ன்னேன். எந்திரிச்சுத் தள்ளி நின்னா. எடுத்தேன். அதான் ஜனவரி, பிப்ரவரி.

அப்புறம் அந்த ஓடை. இப்பச் சுவத்துல தெரியுதே, இதான். மார்ச், ஏப்ரல். இதுக்கு ஒரு ஏத்தம் ஏறணும். ஏறுனதும் அவ பாட்டுக்குப் பாதைய விட்டு எறங்கி, தண்ணிகிட்ட ஒரு கல்லுல உக்காந்து மூஞ்சியக் கழுவுனா. கழுவிட்டு முழங்கால்ல நெத்திய வச்சுக் குனிஞ்சுக்கிட்டா. தண்ணிய ரசிக்கிறான்னு நானும் எறங்கிப் பாத்தேன். அந்தக் கல்லு மேல பாசி இருக்கு பாருங்க, அந்தப் பச்சை. நான் ஏத்தவே இல்ல. மிஷின்மேன்கிட்ட, எப்பா இதுல கை வைக்காத, அப்படியே விடுன்னேன். என் சர்வீஸ்ல அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவதான். “புஷ்பம், கொஞ்சம் நகந்துக்கோ”ன்னேன். அவளுக்குக் காதுல விழல. தண்ணிச் சத்தம். ரெண்டாவது தடவ சத்தம் போட்டேன். எந்திரிச்சு, ஒரு மரத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது, அவளுக்குக் கண்ணு இருக்குன்னு. சில பேருக்கு அது தானா வரும் அண்ணாச்சி. நான் முப்பத்தஞ்சு வருஷம் கலர் பாத்தும் எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியல. நான் பாட்டுக்குத் தரையப் பாத்து நடந்துக்கிட்டே இருப்பேன். அவ உக்காருவா. உக்காந்த எடத்துல நின்னு திரும்பிப் பாத்தா, சீனரி இருக்கும்.

இந்த மரியதாஸு இருக்கானே, அவனோடதான் ரோதனை. ஓடைகிட்டயே ஆரம்பிச்சுட்டான். “அண்ணே, அக்காவுக்கு முடியல போலருக்கு. இதோட திரும்பிரலாமாண்ணே?” எனக்குத் தெரியாதா இவனுக? காலையில ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். சீக்கிரம் எறக்கிவிட்டா சீக்கிரம் சாப்பிடலாம். “தம்பி, நாங்க வேலையா வந்திருக்கோம். உனக்கு அவசரம்னா நீ முன்னால போ”ன்னேன். அவன் போகல. கையில வச்சிருந்த கம்ப புஷ்பத்துகிட்டக் குடுத்தான். கொஞ்ச நேரம் கழிச்சு என்கிட்ட வந்து மெதுவா, “அண்ணே, அக்கா உதடு நீலமா இருக்குண்ணே”ன்னான். என்கிட்ட வந்து நீலத்தப் பத்திப் பேசுறான். “எங்க ஊரு வெயில் ஊருப்பா, அங்க இருந்து வந்து இந்தக் குளிர்ல நின்னா நீலமாத்தான் இருக்கும், உனக்குப் பழகிருச்சு”ன்னேன். புஷ்பமும், “ஆமா தம்பி, குளிருதான். அண்ணன் வேலை முடியட்டும்”னா.

என்ன?

ஏன் அத்தன தடவ உக்காந்தாங்கன்னா... நீங்களும் மரியதாஸ் மாதிரியே கேக்குறீங்க. சொன்னேன்ல. அவளுக்குக் கண்ணு.

அந்த ஆட்டுப் படம் பாத்தீங்களா, மே, ஜூன்? ஒரு பாறை மேல வரையாடு படுத்திருந்துச்சு. பெரிய கடா. இவ அதுக்கு எதுத்தாப்புல இருந்த பாறையில போய் உக்காந்துட்டா. அதுவும் அசையல, இவளும் அசையல. ரெண்டு பேரும் சம்பந்தி வீட்டுல பொண்ணு பாக்க உக்காந்த மாதிரி ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காங்க. பாறை ரெண்டும் சேந்து வந்தாத்தான் படம். “எந்திரி புஷ்பம்”னேன். “ஆட்ட எந்திரிக்கச் சொல்லுங்க, நான் இருந்துக்கிறேன்”னா. மரியதாஸ் சிரிச்சுட்டான். நானும் சிரிச்சேன். அப்புறம் எந்திரிச்சா. எந்திரிக்கிறப்ப மரியதாஸ் தோளப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. ஊர்ல என் தோளக்கூட நாலு பேரு முன்னாடி தொடமாட்டா. மலைக்கு வந்ததும் பழக்கமே மாறிருச்சேன்னு நெனச்சேன்.

நாலாவதும் அஞ்சாவதும் பக்கத்துப் பக்கத்துலதான். நடுவுல நூறு அடிகூட இருக்காது. போகப்போக அவளுக்குக் கண்ணு நல்லாப் பழகிருச்சு, சட்டு சட்டுன்னு எடம் கெடச்சது. ஒவ்வொரு எடத்துலயும் அதே வார்த்தைதான். “இங்கன நல்லாருக்கு, பாருங்களேன்.” ஸ்டாண்ட விரிப்பேன். மேகம் வெலகக் காத்திருப்பேன். அது ஒரு அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் ஆகும். அவ நின்னுக்கிட்டே இருப்பா. நான் தலையத் தூக்கிப் பாத்தாச் சிரிப்பா. “அவசரமில்லங்க, மெதுவா எடுங்க”ம்பா.

கடைசியில வியூ பாயிண்டுக்கு ஒரு நூறு கெஜம்தான் இருக்கு. போர்டு தெரியுது. அவ பாதையிலயே உக்காந்துட்டா. புல்லுலகூட இல்ல, பாதையில. “நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்”னா. “ஏ, இவ்வளவு தூரம் வந்துட்டு நூறு கெஜத்துக்கு முரண்டு பிடிக்கியே, மறுபடி இங்க வரப்போறியா?”ன்னேன். “அதான் நீங்க படம் எடுத்துட்டு வந்து காட்டுவீங்கள்ல”ன்னா. எனக்குக் கோவம். விட்டுட்டுப் போனேன். மரியதாஸ் அவகூட நின்னுக்கிட்டான். கைடு எனக்கா அவளுக்கா?

மேல போனா, ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. வெள்ளை. அச்சடிக்காத பேப்பர் மாதிரி இருந்துச்சு. ஒரு கம்பி வேலி, ஒரு குப்பைத் தொட்டி, அங்கிட்டு வெள்ளை. இதுக்குத்தான் வியூ பாயிண்டுன்னு பேரு போட்டு வச்சிருக்காங்களான்னு அரை மணி நேரம் நின்னு பாத்துட்டு எறங்குனேன். எறங்கி அவகிட்ட வர்றப்ப மேகம் கிழிஞ்சுச்சு. அவ உக்காந்திருந்த எடத்துக்குப் பின்னாடி. நெட்டுக்கு ஒரு பள்ளத்தாக்கு, தூரத்துல எங்கயோ அணைத் தண்ணி ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி. ஓடி வந்து ஸ்டாண்டு போட்டேன். “எந்திரி எந்திரி, மூடிரும்”னேன்.

அந்தத் தடவ அவ எந்திரிக்கல. தலைய மட்டும் ஆட்டுனா.

சரி போகட்டும், கீழ தேதிக் கட்டம் வரும், அதுல மறஞ்சிருவான்னு அப்படியே எடுத்துட்டேன். போய்ப் பாருங்க, கடைசி ஷீட்டு. டிசம்பர் பதினாலு பதினஞ்சு கட்டம் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடிதான் இருக்கா. தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆறு எடம். ஆறும் அவ காட்டுனது. வியூ பாயிண்ட நம்பிப் போயிருந்தா மொதலாளி மூஞ்சில நான் முழிச்சிருக்க முடியாது. எறங்குறப்ப என்கூட நல்லாத்தான் வந்தா. எறக்கம்தானே. நானும் கோவத்த மறந்துட்டேன். போடி பஸ்ஸ்டாண்டுல அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் குடுத்தேன். வைக்காம மடியிலயே வச்சுக்கிட்டுத் தூங்கிட்டா.

ஆல்பம் வந்துச்சு. கும்பகோணம் ஏஜெண்டு புரட்டிப் பாத்துட்டு, “யாரு எடுத்தது, வெளிநாட்டுக்காரனா?”ன்னாரு. மொதலாளி பூஜையில என் பேரச் சொன்னாரு. நான் மறைக்கல அண்ணாச்சி, அத்தன பேரு முன்னாடியும், எடம் காட்டுனது என் வீட்டுக்காரின்னு சொன்னேன். மொதலாளி அம்மா அவளுக்கு ஒரு சேலை வச்சுக் குடுத்தாங்க. “எப்படிம்மா எடம் கண்டுபிடிச்ச?”ன்னு கேட்டாங்க. இவ தரையப் பாத்துக்கிட்டு, “உக்காந்து பாத்தேம்மா”ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க.

இப்ப என் குறையச் சொல்றேன், கேளுங்க. மறு வருஷம் மொதலாளி, இன்னொரு மலைக்குப் போங்க, ரெண்டு பேரும் போங்கன்னாரு. காரு தர்றேன்னுகூடச் சொன்னாரு. வீட்டுல வந்து சந்தோசமாச் சொன்னேன். வரமாட்டேன்னுட்டா. “உங்களுக்குத்தான் இப்ப எடம் தெரியுமே, நீங்க போயிட்டு வாங்க.” கெஞ்சிப் பாத்தேன். பொண்ண விட்டுப் பேசச் சொன்னேன். ம்ஹூம். ஒரு சேலை வந்ததும் கெத்து வந்துருச்சுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அவ உள்ள போயிட்டா. நானும் ஒரு மாசம் சரியாப் பேசல. தனியாப் போனேன். நானூறு படம் எடுத்தேன். ஒண்ணுகூடத் தேறல. எங்க நிக்கன்னே தெரியல எனக்கு. ஒரே மலையச் சுத்திச் சுத்தி வந்தேன். அதான் இந்த வருஷமும் இதே ஆறத் திரும்பிப் போட்டிருக்காங்க. இல்லாட்டி இந்நேரம் இந்தச் சுவத்துல வேற மலை தொங்கணும்.

அவளா? இந்த ரெண்டு வருஷமா நல்லாத்தான் இருந்தா. மாடியில துணி காயப்போடுறத நிறுத்திட்டா. பட்டாசு மருந்துத் தூசி விழுதுன்னு சொல்லி, பின்கட்டுல கொடி கட்டச் சொன்னா. கட்டிக் குடுத்தேன். இருமல் இருந்துச்சு. எங்க ஊர்ல இருமல்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்தவளுக்கு இருமாம இருக்குமா? எங்க தெருவுல இருமாத ஆளு இருந்தா, அந்த ஆளத்தான் வெளியூருன்னு சந்தேகப்படுவோம். தலைகாணி மூணு வச்சுச் சாஞ்சு படுப்பா. டிவி பாக்கத் தோதா இருக்குன்னா. டிவிய அணைச்ச பெறகும் அப்படித்தான் படுத்திருப்பா. சில நாளு உக்காந்துக்கிட்டே தூங்குவா.

கோயிலுக்குப் போறத விட்டுட்டா. கோயிலு ஒரு ஏத்தத்து மேல இருக்கு. சாமி மேல என்ன கோவமோன்னு... 

இல்ல. ஒண்ணுமில்ல. சொல்றேன்.

போன மாசம் காலு வீங்குச்சு. அப்பத்தான் உள்ளூர் டாக்டருகிட்டப் போனோம். அவரு நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டுட்டு, உடனே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாரு. ஒரு வாரம் இழுத்தடிச்சு, முந்தாநேத்து மூச்சு முட்டி, காரு பிடிச்சு வந்தோம்.

வந்ததும் ஒரு சின்ன டாக்டரம்மா பேப்பர் வச்சுக்கிட்டு என்கிட்டக் கேட்டாங்க. வரிசையாக் கேள்வி. சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா? எனக்கு எப்படித் தெரியும், அப்ப அவ யாரு வீட்டுப் புள்ளையோ. எத்தன நாளா மூச்சு வாங்குது? ஒரு மாசம்னேன். கால் வீங்குனதுல இருந்துதானே. படி ஏறுனா, மேடு ஏறுனா முன்னாடி கஷ்டப்பட்டாங்களா? “அதெல்லாம் இல்லம்மா, ரெண்டு வருஷத்துக்கு முந்தி நேஷனல் பார்க்ல ரெண்டரை கிலோமீட்டர் மலை ஏறுனவ”ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். இந்தக் காலண்டரக்கூடக் காட்டப்போனேன். அந்தம்மா அப்படியான்னு எழுதிக்கிட்டாங்க. புஷ்பம் கட்டில்ல ஆக்சிஜன் மாஸ்க் போட்டுப் படுத்திருந்தா. பேச முடியாது. என்னையே பாத்தா. கண்ணால என்னமோ சொன்னா. தண்ணி கேக்குறான்னு நெனச்சு, குடுக்கலாமாம்மான்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அவகிட்டக் குனிஞ்சு, தண்ணி குடுக்கக் கூடாதாம், பொறுத்துக்கோன்னேன். கண்ண மூடிக்கிட்டா.

நேத்துப் படம் போட்டுக் காட்டுன பெரிய டாக்டருதான் சொன்னாரு. இது ஒரு மாசத்துல வர்றதில்லையே, வருஷக்கணக்குல ஆகுமேன்னு. எவ்வளவு நாளா இருக்குன்னு தெரிஞ்சா முடிவு பண்ண லேசா இருக்கும்னாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. நானும் ராத்திரி பூரா யோசிச்சேன். எங்களுக்குள்ள ஒளிவு மறைவு கெடையாது அண்ணாச்சி. அவளுக்கு முடியலன்னா என்கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்லப்போறா? ஒரு வார்த்தை சொன்னதில்ல. நல்லாருக்கு, நல்லாருக்குன்னுதான்...

யாரு, தங்கபுஷ்பமா? நாந்தான் சிஸ்டர். நாந்தான் கூட வந்தது.

சொல்லுங்க.

ஆமா, ஒரு மாசம்னு நாந்தான் சொன்னேன். எழுதிக்கிட்டாங்களே.

யாரு சொன்னா?

அவளேவா? மாஸ்க்க எடுத்துட்டாச் சொன்னா?

ரெண்டு வருஷமா.

மலையில இருந்தேவா? அந்தப் பாலத்துல இருந்துன்னா சொன்னா?

இல்ல சிஸ்டர், நிக்கிறேன். ஒண்ணும் ஆகல. எது சரின்னு கேக்குறாரா டாக்டரு? அவ சொன்னதுதான் சரி. நான் சொன்னத அடிச்சிரச் சொல்லுங்க. கூட இருந்து பாத்த ஆளு வந்து சொல்லணுமா? நாந்தான் சிஸ்டர் கூட இருந்தேன். பக்கத்துலயேதான் இருந்தேன். ஆறு தடவ உக்காந்தா. மொத தடவ முன்னூறு அடியில. அப்புறம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. கடைசியில நூறு கெஜம் ஏற முடியல. உதடு நீலமா இருந்துச்சு. எல்லாம் வரிசையாச் சொல்றேன், எனக்கு எல்லாம் தெரியும். உக்காந்த ஒவ்வொரு தடவையும் நாந்தான் எந்திரிக்கச் சொன்னேன். அதையும் அவரு எழுதணும்னா எழுதிக்கிடட்டும்.

அவ முழிச்சுதான் இருக்காளா?

வாரேன் சிஸ்டர். செருப்ப இங்கனயே விடணுமா? சரி.

வாரேன்.